குதிகாலில் தொடங்கிய அடி

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அவள் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க மாட்டாள். முதலில் ஒரு காலை எடுத்து வைப்பாள்; பிறகு மறு காலை. தோளும் இடுப்பும் தலையும் ஒரே பலகையாக, குறுகிய சந்தில் பேருந்து திரும்புவதுபோல மெல்லத் திரும்பும். அவள் திரும்பி முடிப்பதற்குள், கூப்பிட்டவருக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

அந்தச் சலவை நிலையத்தில் அவளுக்கு 'டம்ளர்' என்று பெயர். இளையவர்கள் 'டம்ளரக்கா' என்பார்கள். முழுப் பட்டம் கண்ணாடி டம்ளர். கீழே வைத்தாலும் பயம், கையில் எடுத்தாலும் பயம் என்று எல்லாரும் அவளைப் பார்த்துப் பதறியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. கிரேன்!

ஆமாம். மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் போர்வைகளையும் துவைத்து அனுப்புகிற நிலையம் அது. வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய இயந்திரங்கள் ஒரு சுவர் முழுக்க வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்து, அள்ளி, உலர்த்தும் இயந்திரத்தின் வாய்க்குத் தூக்கிப் போடுவதுதான் அங்கே கடினமான வேலை. நனைந்த போர்வை எவ்வளவு கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து முனகிக்கொண்டு தூக்குவதை அவள் ஒருத்தியாக, பக்கத்து மேசைக்காரியிடம் கதை பேசிக்கொண்டே தூக்குவாள். அந்தக் கைகளுக்கு மயங்கித்தான் நிலையத்து வண்டி ஓட்டுநர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் பொண்டாட்டி என்னையும் வண்டியையும் சேர்த்துத் தூக்குவா, பாக்குறீங்களா?" என்பார். கிரேன் என்ற பெயரை முதலில் வைத்தவரும் அவர்தான்.

அந்தப் பெயர் போனதும் அவரால்தான். அதுதான் விதி செய்த வேலை.

ஒரு மழை நாள். துணி ஏற்ற வந்த கணவர், பின்வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அவள் மார்பு உயரத்துக்கு ஈரப் போர்வைகளை அணைத்துக்கொண்டு நின்றாள். முதுகு அவர் பக்கம். பார்த்ததும் அவருக்குக் குறும்பு வந்துவிட்டது. "ஏய் கிரேன்!" என்று கத்தினார்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். கால் நகரவில்லை. கையில் அத்தனை சுமையோடு இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பினாள்.

பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் தனக்குள்ளே கேட்டது என்று பிறகு சொன்னாள். அப்போது எதுவும் சொல்லவில்லை. போர்வைகளின்மேலேயே சரிந்து விழுந்தாள். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

படுக்கை, மருந்து, பிறகு மெல்ல மெல்ல உடற்பயிற்சி. கடைசியில் மருத்துவர் அவளை நிற்கவைத்து, குனியவைத்து, நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, "முழுசா ஆறிடுச்சும்மா. இனிமே எல்லாம் பண்ணலாம். பாரத்தோட திருகாதீங்க, அவ்வளவுதான்" என்றார். அதை நம்பியவர் அந்த மருத்துவர் மட்டும்தான். நிலையத்தின் மேற்பார்வையாளர் அவளை ஜன்னலோர மடிப்பு மேசைக்கு மாற்றினார். தலையணை உறைகளை மடிப்பதுதான் இனி அவள் வேலை. வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால், "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்பே "எதையும் தூக்கலையே?" என்று கேட்டாள்.

கணவரோ சலவை வண்டி வேலையையே விட்டுவிட்டுப் பள்ளி வேன் ஓட்டப் போனார். வீட்டில் தண்ணீர்க் குடத்திலிருந்து அரிசிப் பை வரை எல்லாவற்றையும் அவரே தூக்கினார். அவள் உட்காருவதற்குள் முதுகுக்குத் தலையணை வந்துவிடும். இன்னொன்றும் செய்தார். அது வெளியே யாருக்கும் தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட அவளைப் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால், கூடத்தைச் சுற்றி வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, பிறகுதான் வாயைத் திறப்பார். கிரேன் என்ற சொல் அந்த வீட்டில் செத்துப்போனது.

அவள் அவரைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் அவர் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதில் உடைந்த சாமான் ஒன்று தெரிந்தது. அந்தச் சாமான் தான்தான் என்பது அவளைக் கொன்றது. வலி போய்விட்டதென்று அவளுடைய உடம்புக்குத் தெரியும். அதை அவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது?

இந்த நிலையில்தான் சாஃப்ட்பால் வந்தது.

அந்த நகரத்தில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாஃப்ட்பால் ஆடுவார்கள். பேக்கரிக்கு ஒரு அணி, பேருந்துப் பணிமனைக்கு ஒன்று, சலவை நிலையத்துக்கு ஒன்று. பந்தைக் கையைக் கீழே சுழற்றி வீசுவார்கள். உருளை மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். சலவை அணியின் தலைவி 'இஸ்திரி'. சூட்டு உருளையில் விரிப்புகளை ஓட்டி எடுப்பவள், டம்ளர் வயதுக்காரி, பள்ளிக்காலத்தில் நன்றாக ஆடியவள். அவளுடைய வாய் அந்த உருளையைவிடச் சூடு.

சலவை அணி தோற்பதற்கென்றே பிறந்த அணி. தூக்கித் தூக்கிக் காய்த்த கைகள், பாறை மாதிரித் தோள்கள், எல்லாம் இருந்தும் பந்து மட்டையில் பட்டுக் காலடியிலேயே செத்து விழும். பேக்கரிக்காரிகள் கைதட்டிச் சிரிப்பார்கள். "அக்காங்களா, பந்தத் துவைக்கிறீங்களா, அடிக்கிறீங்களா?"

"இடுப்பு! இடுப்பத் திருப்புங்கடி!" என்று இஸ்திரி தொண்டை கிழியக் கத்துவாள். ஒருத்தியும் திருப்ப மாட்டாள். நட்ட கம்பமாக நின்று கையை மட்டும் வீசுவார்கள்.

ஒருத்திக்குக் குழந்தை பிறந்து, அணியில் ஆள் குறைந்தபோது, இஸ்திரி மடிப்பு மேசைக்கு வந்தாள்.

"ஏண்டி டம்ளர், ஞாயித்துக்கிழமை வரியா?"

"எதுக்கு? தண்ணி குடுக்கவா?"

"ஆட. கடைசி ஆளா மட்டையப் புடிச்சிட்டு நில்லு. ஆட்டாத. நாலு பந்து தப்பாப் போட்டாங்கன்னா சும்மாவே முதல் மூலைக்குப் போய்டலாம். நீ ஒண்ணுமே பண்ண வேணாம்."

ஒன்றுமே பண்ண வேண்டாம். எல்லாரும் அவளிடம் அதைத்தானே சொல்கிறார்கள்! ஆனாலும் அவள் வந்தாள். மட்டையைக் கையில் பிடித்த அந்த நிமிஷமே அவள் மனதில் ஓர் ஆசை விழுந்துவிட்டது. ஒரே ஒரு பந்து. யாராவது தன்னை நம்பி ஒரு பந்தை நேராகப் போட வேண்டும்; அதைத் தான் அடிக்க வேண்டும்; அதை அவர் பார்க்க வேண்டும்.

வீட்டில் மட்டும் பொய் சொன்னாள். "டீமுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குறேங்க."

"குடத்த நீ தூக்காத" என்றார் அவர், முன்னால் வந்து நின்று.

பயிற்சி நடப்பது நிலையத்தின் பின்முற்றத்தில். உள்ளே நீராவி சீறும் சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் இஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாரிடமிருந்தும் மட்டைகளைப் பிடுங்கி மூலையில் போட்டாள்.

"மட்டையே வேணாம். வெறுங்கையால சும்மா அடிங்க. பந்து வருதுன்னு நெனச்சுக்கோங்க."

அடித்தார்கள். என்ன அதிசயம்! அத்தனை இடுப்புகளும் கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரித் திரும்பின.

"அடிப்பாவிகளா! தெரியுதுல்ல? இதத்தான நான் இவ்வளவு நாளாக் கத்திட்டிருக்கேன்? எடுங்க மட்டைய!"

மட்டையை எடுத்தார்கள். மறுபடியும் நட்ட கம்பங்கள்.

இஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது டம்ளர் மெதுவாகச் சொன்னாள்: "சுமை."

"என்னது?"

"கையில சுமை ஏறிடுச்சுல்ல? அதான் பூட்டிக்குது."

எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்கள். டம்ளர் விழுந்த மறுவாரமே மேற்பார்வையாளர் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்த வாசகம் அங்கே இருந்தது. 'கையில் சுமையோடு இடுப்பைத் திருகாதே. பாதத்தைத் திருப்பு.' தினமும் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வரிசையாக நின்று அதை உரக்கச் சொல்லி, காலி மூட்டையைத் தூக்கிச் செய்துகாட்டிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது எலும்புக்குள் போய்விட்டது. கையில் எது வந்தாலும் இடுப்பு தானாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"நம்ம மேற்பார்வையாளர் நம்மள எவ்வளவு ஒழுங்கா வளர்த்திருக்காரு பாரு" என்றாள் ஒருத்தி. முற்றமே சிரித்து உருண்டது.

இஸ்திரி சிரிக்கவில்லை. ஒரு மட்டையை எடுத்து டம்ளரின் முதுகுக்குக் குறுக்கே, இடுப்பின்மேல் வைத்து, இரண்டு முழங்கை மடிப்புகளிலும் மாட்டிவிட்டாள். "இப்பக் கை காலி. பாரம் இடுப்பு மேல. திரும்பு."

டம்ளரின் முகம் வெளுத்தது. சுற்றி நின்ற எல்லாருக்கும் அந்த மழை நாள் ஞாபகம் இருந்தது.

"வேணாம்னா விட்டுரு" என்றாள் இஸ்திரி, தணிந்த குரலில்.

"ரெண்டாவது வரிய ஏண்டி யாரும் ஞாபகம் வச்சுக்கல?" என்றாள் டம்ளர். "பாதத்தத் திருப்புன்னு எழுதியிருக்குல்ல."

அவள் பின்காலின் குதியைத் தூக்கினாள். தரையில் சிந்திய தண்ணீரைக் காலடியில் துணி போட்டுத் துடைப்பதுபோல, விரல் நுனியை அழுத்தித் திருப்பினாள். முழங்கால் உள்ளே வந்தது. முழங்கால் இழுத்த இழுப்பில் இடுப்பு முன்னால் திறந்தது. முன்கால் தூண் மாதிரி ஊன்றி நின்றது. மட்டையின் முனை காற்றில் அரைவட்டம் போட்டது. எங்கும் வலிக்கவில்லை.

"பாருங்கடி! தொப்புள் எங்க பாக்குது? நேரா என்னைப் பாக்குது! பந்து போடுறவள உங்க தொப்புள் மொறச்சுப் பாக்கணும், புரியுதா?" இஸ்திரி துள்ளினாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள். "ஆனா நீ கதவு மாதிரி மொத்தமாத் திரும்புற. இடுப்பும் தோளும் ஒண்ணா வந்தா வேகம் வராது. இடுப்பு முதல்ல போகட்டும். தோளு ஒரு நொடி பின்னால தங்கட்டும். அப்புறம் இடுப்பு தோள இழுக்கும், தோளு கைய இழுக்கும், கை மட்டைய இழுக்கும். சாட்டை எப்படி வீசுது? அப்படி."

ஒரு நொடி பின்னால் தங்கட்டும்! இஸ்திரிக்கு என்ன தெரியும்? அந்த ஒரு நொடி இடைவெளியில்தானே டம்ளர் கிழிந்து விழுந்தாள்? இடுப்பு ஓர் இடம், தோள் ஓர் இடம் என்று பிரிய விடக் கூடாதென்றுதானே இத்தனை வருஷமாகப் பலகையாகத் திரிகிறாள்?

மற்றவர்கள் சில வாரங்களிலேயே பழகிக்கொண்டார்கள். பந்து காலடியைத் தாண்டியது. பிறகு ஆட்களையும் தாண்டியது. டம்ளர் மட்டும் கதவாகவே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து அதன் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கிற அறை. ஒரு பக்கம் பாத்திர அலமாரி. கூடத்தில் அவர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடினாள். குதி. முழங்கால். இடுப்பு. தோளே, நீ கொஞ்சம் நில்லு, பயப்படாதே, நில்லு. இடுப்பு முழுக்கத் திறந்துவிட்டது. தோள் பின்னாலேயே காத்திருந்தது. பிறகு யாரோ உள்ளிருந்து கயிற்றைச் சுண்டி இழுத்த மாதிரி தோளும் கையும் பாய்ந்து வந்தன. காம்பு 'விஷ்' என்று காற்றைக் கிழித்தது. அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர் எதிர்ச் சுவரில் போய்ச் சிதறியது.

கணவர் பாய்ந்து வந்தார். "அசையாத! குனியாத! நான் பொறுக்குறேன்!"

அவள் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. "வலிக்கலீங்க. வலிக்கவே இல்ல."

"என்ன வலிக்கல? என்ன பண்ண நீ?"

"பந்தடிச்சேன்" என்றாள். "நான் தண்ணி குடுக்கப் போகலீங்க. ஆடத்தான் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை பேக்கரியோட மேட்ச். நீங்க வரணும்."

அவர் குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரிடமோ ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேக்கரி அணிக்குப் பந்து வீசுபவள் வேறு யாருமில்லை, டம்ளரின் நாத்தனார்தான். கணவரின் ஒரே தங்கை. மாவு பிசைந்தே உரமேறிய கை. அவள் பந்து வீசினால் பிடிப்பவளின் கையுறை வெடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். ஆனால் அன்றைக்குச் சலவை அணி பழைய அணியில்லை. இடுப்புகள் திரும்பின, பந்துகள் பறந்தன. பேக்கரிக்காரிகளின் கிண்டல் முதல் சுற்றிலேயே நின்றுபோனது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது சலவை அணி ஒரே ஓட்டம் பின்னால் இருந்தது. இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. ஏற்கெனவே அடித்துப் பாதிச் சுற்று ஓடிவிட்ட இஸ்திரி இரண்டாவது மூலையில் நின்றாள். மட்டையோடு வந்தது டம்ளர்.

"டம்ளரக்கா, ஆட்டாதீங்க, சும்மா நில்லுங்க!" என்று சலவைப் பக்கமிருந்தே ஒரு சின்னவள் கத்தினாள்.

இரண்டாவது மூலையிலிருந்து இஸ்திரி டம்ளரைப் பார்த்தாள். "அடிக்கிறியா?"

"அடிக்கிறேன்."

"அப்ப அடி!"

கம்பி வேலிக்கு வெளியே கணவர் நின்றிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா! மெதுவா!" என்றார். சாஃப்ட்பால் மைதானத்தில் அப்படி ஒருவர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

முதல் பந்து வந்தது. வந்ததா? மிதந்தது. சோப்பு நுரைக் குமிழி மாதிரி, ஆடி அசைந்து, வழி கேட்டுக்கொண்டு வந்தது. வேகத்துக்குத் தயாராக இருந்த டம்ளர் எப்போதோ வீசி முடித்துவிட்டாள். மட்டை காற்றைத்தான் அடித்தது. மூன்று விட்டால் அவுட்; இது முதல் ஸ்ட்ரைக். அடுத்ததும் அப்படியே மிதந்து தலைக்குமேலே போனது.

டம்ளர் மட்டையை இறக்கினாள். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் கண் அவளைப் பார்க்கவில்லை; வேலிப் பக்கம் ஓடி ஓடித் திரும்பியது. அந்தச் சாயங்காலம் வாசலில் நடந்த போன் பேச்சு அப்போதுதான் டம்ளருக்குப் புரிந்தது. உச்சந்தலை வரை சூடு ஏறியது.

மட்டையைத் தரையில் போட்டுவிட்டு நேராக நாத்தனாரிடம் நடந்தாள்.

"உங்க அண்ணன் போன் பண்ணாரா?"

"அண்ணி... அது வந்து..."

"பண்ணாரா இல்லையா?"

"போன்லயே அழுதாரு அண்ணி. நான் என்ன பண்ணட்டும்? 'நான் கூப்பிட்டதாலதான் அவ விழுந்தா, இன்னொரு தடவ விழுந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்'னு சொல்றாரு. எங்கண்ணன் அழுது நான் பாத்ததே இல்ல."

டம்ளர் வேலிப் பக்கம் பார்த்தாள். இத்தனை வருஷம் தலையணையாகவும் தண்ணீர்க் குடமாகவும் அந்த வீட்டுக்குள் நடமாடியது எது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அவரு அழுகைய நான் வீட்டுல பாத்துக்குறேன். அது எனக்கும் அவருக்கும். இங்க நீ பேக்கரி, நான் சலவை. இஸ்திரிக்கு எப்படிப் போட்ட?"

"வேகமாத்தான்."

"அவள விட நான் என்ன கொறஞ்சு போய்ட்டேன்? நீ எனக்குப் பாவம் பாத்துப் போட்டா, சத்தியமாச் சொல்றேன், உன் வீட்டு வாசப்படி ஏற மாட்டேன். என்னை மனுஷியா மதிச்சீன்னா, பந்தப் போடு."

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அம்மா, குடும்ப விவகாரத்தை அப்புறம் வச்சுக்கலாமா? மைதானத்த அடுத்த குரூப்புக்கு விடணும்."

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள் டம்ளர்.

நாத்தனாரின் கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய கை முழு வட்டமாகச் சுழன்றது. டம்ளருக்குப் பந்தே தெரியவில்லை. கையுறையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. மட்டை அசையவில்லை. கையில் சுமை, இடுப்பில் தாழ்ப்பாள். ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று போனால் அவளும் அவுட், ஆட்டமும் முடிந்தது.

வேலிப் பக்கம் 'மெதுவா' என்ற சத்தம் நின்றுவிட்டது. தங்கை முழு பலத்தோடு பந்து போட்டதை அவர் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடி நின்றார்.

டம்ளர் கீழே தன் காலைப் பார்த்தாள். பின்காலின் விரல்களை மண்ணில் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். மட்டை சுமையில்லை, சுமை நான்தான், என்னை நானே திருப்பிக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டாள்.

கை சுழன்றது. பந்து கிளம்பியது.

முன்கால் ஓர் எட்டு எடுத்து வைத்தது. பின்குதி எழும்பியது. முழங்கால் உள்ளே வந்தது. இடுப்பு சிரித்துக்கொண்டு திறந்தது. ஆம், சிரித்துக்கொண்டுதான், அந்த மழை நாளில் பாதியில் நின்றுபோன சிரிப்பு அது. தோள் பின்னாலேயே நின்றது. நின்றது. கிழியவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் இழுப்பு! இடுப்பு தோளை இழுத்தது, தோள் கையை இழுத்தது, கையோடு மட்டை சீறி வந்தது.

அந்தச் சத்தத்தை அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நல்ல காய்ந்த கட்டையைப் பிளந்த மாதிரி இருந்தது என்பார்கள். பந்து நாத்தனாரின் தலைக்குமேல் போனது. தூரத்தில் நின்றவர்களுக்கும் மேலே போனது. பேக்கரியின் கடைசி ஆள் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.

டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே அமுக்கினாள். இங்கே அமுக்கினாள்.

"ஏண்டி நிக்கிற? முதுக அப்புறம் தடவிக்கலாம், ஓடுடி!" இஸ்திரி ஓடிக்கொண்டே அலறினாள்.

அப்போதுதான் ஓடினாள். தலைமுடி அவிழ, மூச்சிரைத்துக்கொண்டு, அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு ஓடினாள். இஸ்திரி கிளம்பிய இடமான வீட்டு மூலையைத் தொட்டாள், ஓட்டம் சமமானது. டம்ளர் இரண்டாவது மூலையில் நின்றாள். வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அடுத்து வந்தவள் அவுட்டாக, மைதானத்தை அடுத்த குழுவுக்கு விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆட்டம் சமம் என்று நடுவர் சொல்லிவிட்டார். "முதுகத் தடவுன நேரத்துல ஓடியிருந்தா முழுச் சுத்தும் வந்திருப்பா, நாம ஜெயிச்சிருப்போம்" என்று இஸ்திரி இன்றைக்கும் திட்டுகிறாள். திட்டுகிறபோது அவள் முகத்தில் வழிகிற பெருமையைப் பார்க்க வேண்டும்!

நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி, என் வாழ்க்கையில நான் போட்ட நல்ல பந்து அது. அதையா அப்படி அடிப்பீங்க?"

"நல்ல பந்துங்கறதாலதாண்டி அடிச்சேன்" என்றாள் டம்ளர்.

எல்லாரும் கலைந்தார்கள். வேன் மைதானத்துக்கு வெளியே நின்றிருந்தது. மட்டைகளும் கையுறைகளும் மூலைப் பலகைகளும் திணித்த அணியின் பெரிய பையை அன்றைக்கு வேனில் கொண்டுபோவது என்று ஏற்பாடு. கணவர் அதை எடுத்துக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவர் கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்துக்கொண்டே அவள் முன்னால் நடந்தாள். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வருவார். இன்று வரவில்லை.

செருப்புச் சத்தம் நின்றது.

"ஏய் கிரேன்!"

எத்தனை வருஷம் கழித்து அந்தப் பெயர்! எத்தனை வருஷம் கழித்து, பின்னாலிருந்து!

அவள் அடியெடுத்து வைத்துப் பேருந்து மாதிரித் திரும்பவில்லை. ஒரு குதி எழும்பியது. இடுப்பு சுழன்றது. தோளும் முகமும் பின்னாலேயே வந்தன. முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் பையை இரண்டு கையாலும் அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. ஆனால் குரல் மட்டும் பழைய வண்டி ஓட்டுநரின் குரல்.

"ரொம்பக் கனமா இருக்கும்மா. நீ தூக்கிட்டு வா."